மோட்டாருக்கு 10 வருடம். மிஷினுக்கு எத்தனை வருடம்?

ஆயுத பூஜை வந்தால் ரயில்வே குடும்பங்களில் கொஞ்சம் பணம் புழங்கும். 2019-ல் எனக்கு 78 நாள் போனஸாக 17,951 ரூபாய் கிடைத்தது. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் தாயார். மனைவி பீன்யா பக்கம் கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கிறாள். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி ஐந்து பேர் துணியைத் துவைப்பது எப்படிப்பட்ட வேலை என்பது அதைச் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அந்த வருடத்துப் போனஸ் முழுவதும் ஒரு வாஷிங் மிஷினாக மாறியது.

மேல் மூடியைத் திறந்து துணி போடுகிற ‘டாப் லோட்’ ரகம். துணியைப் போட்டு பட்டனை அமுக்கினால் பிழிவது வரை அதுவே பார்த்துக்கொள்ளும். அதன் நெற்றியில் பெரிய ஸ்டிக்கர்: ‘மோட்டாருக்கு 10 வருட உத்தரவாதம்’. அதைப் படித்த பிறகு வேறு எதையும் படிக்க எனக்குத் தோன்றவில்லை. பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்தோம். பூசணிக்காய் ஒன்றுதான் உடைக்கவில்லை.

2023 கோடையில் அது மக்கர் செய்தது. தண்ணீர் பிடிக்கும், துவைக்கும். ஆனால் அழுக்குத் தண்ணீரை வெளியே விடாது. கம்பெனி ஆள் வந்து திறந்து பார்த்தார். “போர்டு போயிடுச்சு சார்” என்றார். நான் நெற்றி ஸ்டிக்கரைக் காட்டினேன். “மோட்டார் நல்லாத்தானே இருக்கு! போர்டுக்கு ரெண்டு வருஷம்தான் சார் வாரண்டி” என்றார். புதுப் போர்டு 5,600 ரூபாய், கூலி தனி. வந்து சேர மூன்று வாரம் ஆகும், அதுவும் நிச்சயமில்லை. போகிற போக்கில் ஒரு யோசனையும் சொன்னார்: “பேசாம எக்ஸ்சேஞ்சில் போட்டுட்டு புதுசு எடுத்துடுங்க.”

எஞ்சின் நன்றாக இருக்கிறது, பிரேக் மட்டும் இல்லை என்று யாராவது வண்டிக்குச் சிக்னல் கொடுப்பார்களா?

அன்று புரிந்ததை வாசகர்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாஷிங் மிஷினில் மோட்டார்தான் லேசில் கெடாத உறுப்பு. லேசில் கெடாததற்கு 10 வருடம் உத்தரவாதம் கொடுப்பதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கெடுகிறவை வேறு. போர்டு, தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் வால்வு, வெளியேற்றும் டிரெயின் மோட்டார், தொட்டியை நாலு மூலையிலும் தாங்கித் தொங்கவிடும் சஸ்பென்ஷன் ராடு, பெல்ட், அடியில் சுற்றும் தட்டு. இவற்றைப் பற்றி நெற்றியில் ஒரு வரியும் கிடையாது.

என் கதையின் மிச்சம் இதுதான். சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் போர்டைக் கழற்றிக்கொண்டு போனேன். ஈரம் படாமலிருக்க அதன்மேல் மெழுகு மாதிரி ஒன்றை ஊற்றி மூடியிருக்கிறார்கள். “வெச்சிட்டுப் போங்கண்ணா, நாளைக்குச் சொல்றேன்” என்றார். மறுநாள் பார்த்தால், மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு விரல் நகம் அளவு ஒரு சாமானை மாற்றியிருந்தார். 850 ரூபாய். இந்த வரியை எழுதும்போதும் அந்த மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட பன்னிரண்டு நாளும் மனைவிதான் கையால் துவைத்தாள். நீ துவைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துவைத்தேன். போர்வையைப் பிழிய முடியாமல் பாதியில் விட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே மிஷின் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் தெருவிலுள்ள மெக்கானிக்கிடம் போங்கள். எந்த மிஷினுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்கிறது, எதைத் திறந்தால் அவரே தலையைச் சொறிகிறார் என்று கேளுங்கள். பிறகு ஷோரூமில், “இதற்குப் போர்டு என்ன விலை?” என்று கேளுங்கள். அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது அபூர்வம். விற்பனைப் பையன் இருபது வகைத் துவைப்பு முறைகளைக் காட்டுவான். நம் வீட்டில் இந்த ஆறு வருடத்தில் இரண்டுக்கு மேல் உபயோகித்ததில்லை. பட்டன் கூடக்கூட போர்டின் விலையும் கூடும்.

பெங்களூரில் தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீடுகளுக்கு, தனித்தனியாக இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்கே மேல் என்பது என் அபிப்பிராயம். அதில் போர்டு என்ற தொல்லை பெரும்பாலும் இல்லை. திருகி விடுகிற டைமர்தான். அலசிய தண்ணீரைப் பிடித்து அடுத்த துணிக்கும் கக்கூஸுக்கும் விடலாம். 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு ஊரே குடத்துடன் நின்றபோது, முழு ஆட்டோமேட்டிக் வைத்திருந்த நாங்கள் அதை மூடி வைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டு வாளித் தண்ணீரில் காரியத்தை முடித்தார். ஆனால் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது சிரமம்தான்.

முழு ஆட்டோமேட்டிக் என்று முடிவு செய்தால் வீட்டுத் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். 0.3 பார் அழுத்தமாவது வேண்டும் என்று சில மிஷின்களின் கைப்புத்தகத்தில் போட்டிருக்கும். குழாயைவிடத் தண்ணீர்த் தொட்டி ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே அதற்கு அர்த்தம். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள் வீட்டில் மிஷின் தண்ணீருக்கு ஏங்கி நிற்பதும், மிஷின் பழுது என்று ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பதும் நடக்கிறது. கிலோ என்று சொல்வது காய்ந்த துணியின் எடையை. அதிலும் முக்கால் பங்கு போட்டால் ராடும் பெல்ட்டும் பல வருடம் தாங்கும். உள் தொட்டி ஸ்டீலாக இருப்பது நல்லது.

வாங்கிய பிறகு மிஷினுக்கு எதிரி யார் என்றால், முதலில் நம் ஊர்த் தண்ணீர். காவேரித் தண்ணீர் வரும் வீடுகளில் அவ்வளவாகத் தொல்லை இல்லை. ஆழ்குழாய்த் தண்ணீரும், பெரும்பாலான டேங்கர் தண்ணீரும் உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உள் தொட்டிக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே களிம்பாக ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று இன்னும் ஒரு கை தூளைப் போடுவோம். களிம்பு இன்னும் கூடும். கையால் துவைக்கிற தூளை மிஷினில் போடவே கூடாது. மாதம் ஒரு முறை துணி இல்லாமல், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து ஓட விடுங்கள். ஒரு எச்சரிக்கை: அதோடு பிளீச்சிங் பவுடரையோ வேறு பிளீச்சையோ சேர்க்காதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

குழாய் மாட்டும் இடத்தில் சின்ன வலை ஒன்று இருக்கிறது. அதில் மண் அடைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும், ஐந்து நிமிட வேலை. பஞ்சு சேரும் பையை வாரம் ஒரு தரம் உதற வேண்டும். துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்து வையுங்கள். உடனே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது அழகாக இருக்கலாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நாலு காலும் தரையில் சமமாக ஊன்றியிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பிழியும்போது மிஷின் நடந்து போவது வேடிக்கையல்ல, ராடு சாகிறது என்று பொருள். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டவே மாட்டாதீர்கள். ஈரக் கையும் ஈரத் தரையும் உள்ள இடம்.

இன்னொரு எதிரி எலி. அடிப்பக்கம் திறந்திருக்கும் மிஷினுக்குள் புகுந்து வயரைக் கடித்துவிடும். சுண்டெலி கடித்ததற்கு எந்தக் கம்பெனியும் இலவசமாகப் பழுது பார்ப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அடியில் வலைத் தகடு அடித்துக்கொள்ளுங்கள்.

என் உத்தியோக அனுபவத்தில் ஒன்று. வீட்டைக் காலி செய்துகொண்டு ஜோலார்பேட்டை, காட்பாடி, சேலம் என்று ஊர் திரும்பும் நம்மவர்கள் வாஷிங் மிஷினைப் பார்சலில் போடுகிறார்கள். வெளியே சாக்கு சுற்றித் தைத்திருக்கும். உள்ளே தொட்டி ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். வாங்கும்போது தொட்டிக்கும் உடம்புக்கும் நடுவே செருகி வந்த தெர்மோகோலை அன்றே குப்பையில் போட்டிருப்பார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் போர்வையைச் சுற்றிலும் திணித்துத் தொட்டி அசையாமல் செய்து அனுப்புங்கள்.

இவ்வளவு பார்த்துக்கொண்டாலும் போர்டு ஒரு நாள் போகலாம். அப்போது என்ன செய்வது என்பதை நம் மெக்கானிக்கின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது நியாயமா? ஐரோப்பிய நாடுகளில் 2021 மார்ச் முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வாஷிங் மிஷின் ரகம் ஒன்றைக் கடைசியாக விற்பனைக்கு விட்ட பிறகும் 10 வருடத்துக்கு அதன் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். கேட்ட 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும். போர்டும் அதில் அடக்கம். பிரான்ஸில் எத்தனை சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு ஒட்டச் சொன்னார்கள். டாப் லோட் மிஷின்களுக்கு இது 2022 நவம்பரில் வந்தது.

நம் நாட்டிலும் பேச்சு இல்லாமல் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24-ல் இணையதளமும் திறந்தார்கள். வீட்டு உபயோக சாதனங்களும் அதில் சேர்ந்தவைதான். நல்ல காரியம். ஆனால் ஷோரூமில் நிற்கிற கார்மெண்ட்ஸ் தொழிலாளியின் கண்ணுக்கு இணையதளம் தெரியாது, பெட்டிதான் தெரியும். பெட்டியின் மேல் சில்லறை விலையை அச்சடிக்கிறார்கள் அல்லவா? அதன் கீழே இன்னும் இரண்டு வரி அச்சடிக்கச் செய்ய வேண்டும்: போர்டின் விலை இவ்வளவு, உதிரி பாகங்கள் இன்ன வருடம் வரை கிடைக்கும். கம்பெனிகள் தாமாக இதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. துறை உத்தரவு போட வேண்டும்.

அது வரும்வரை பில்லையும் வாரண்டி கார்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். கம்பெனி ஆள் வந்து போகும் ஒவ்வொரு முறையும், என்ன கோளாறு, பாகம் எப்போது வரும் என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.