துணிவும் துருத்தியும்

ஆராயாது இடர்ப்பாட்டில் தலைகொடுப்பவனை ஆங்கிலேயர் 'ஃபூல்ஹார்டி' என்பர். தமிழ்நாட்டார் 'அசட்டுத் துணிச்சல்' என வழங்குவது ஏறத்தாழ இக்குணத்தையே. பழைய பிரெஞ்சு மொழியினின்று 13-ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல் இரு பகுதிகளை உடையது. பின்பகுதியாகிய 'ஹார்டி' என்பது அம்மொழியில் துணிவுடையவனைக் குறித்தது. முன்பகுதியின் வரலாறோ மிகச் சுவையானது. 'ஃபூல்' என்பது 'ஃபாலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கொல்லன் உலையில் ஊதும் துருத்தியே அச்சொல்லின் பழம்பொருள். தோற்பைக்குள் காற்றன்றி வேறொன்றும் இன்மையால், பிற்காலத்தார் அதனை அறிவிலிக்குப் பெயராக்கினர். துருத்திக்கு இஃது அநீதிதான். அது ஊதாவிடின் உழவனுக்குக் கொழு ஏது?

ஆகவே, இச்சொல் இகழ்வது துணிவை அன்று. துணிவுக்குள் சிந்தனை இல்லாமையையே இகழ்கின்றது. உலகமோ இதனை மறந்து, முயற்சி வென்றால் வீரம் என்றும், தோற்றால் அசட்டுத் துணிச்சல் என்றும் பெயரிடுகின்றது. விளைவைக் கண்டு பெயரிடும் இவ்வழக்கம் பிழையென்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல சான்று.

மேற்கே ஓடி அரபிக்கடலிற் கலக்கும் பெரியாற்று நீரை மலைக்கு இப்பால் திருப்பும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிற்று. 1808-இல் அதனை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் (இவர் மொழிநூலறிஞர் கால்டுவெல் அல்லர்) நடவாத கற்பனையென்று ஒதுக்கினார். 1850-இல் தொடங்கிய சிறு முயற்சியும் நின்றுபோயிற்று. 1887-இல் பென்னிகுயிக் தலைமையில் அணைப்பணி தொடங்கியபோதும், கட்டியதைக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது. பணி அத்தோடு கைவிடப்பட்டிருப்பின், அவரையும் உலகம் அசடர் வரிசையிற் சேர்த்திருக்கும். ஆனால், அவர் செய்கையில் துருத்திக்காற்று இல்லை. 1882 முதலே அவர் திட்டத்தை ஆராய்ந்து வகுத்திருந்தார். ஆற்றின் பருவமறிந்து வேலை நடந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட சுரங்கவழியும் அமைந்தது. 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அணையின் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வையையை அடைந்தது.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை நிரலே வைத்தார். பென்னிகுயிக்கின் பணியை இம்மூன்றாலும் அளக்கலாம். வெள்ளம் வந்து அழித்த ஆண்டிலும் அவர் துணிவு துணிவே; வென்ற ஆண்டில் அது புதிதாகப் பிறந்ததன்று. எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அப்பணியில் நோயால் மாண்ட தொழிலாளர் பலர். ஒருவர் துணிவுக்குப் பிறர் உயிரால் விலை தரும்போது, எண்ணிப் பார்க்கும் கடன் பன்மடங்காகின்றது.

அதே மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றிருந்தோருள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாண்டோரை அசட்டுத் துணிச்சலுடையோர் என்று சொல்லுதல் எளிது. அதனினும் கொடிது வேறில்லை. உலர்ந்த புல்வெளியில் தீப் பற்றினால் அது மலைச்சரிவில் மேல்நோக்கி விரையும் என்பதை மலைநாட்டார் அறிவர். வெளியூரினின்று வந்த விருந்தினர்க்கு அவ்வறிவு இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தல் முறையன்று. காலமும் இடமும் அறியும் கடன் அழைத்துச் செல்வோர்க்கும் வழிவிடுவோர்க்கும் உரியது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகளை வகுத்தது. காட்டுத்தீப் பருவத்தில் மலைவழிகளை மூடிவைக்கும் வழக்கமும் இன்று உளது.