'அம்மான்னா டயர்டாத்தான் இருக்கும்!' - எம்.எஸ். பாதித்த தாய்மார்களின் சிரிப்பு சொல்வது என்ன?

பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மைல் தூரம்தான். மகனை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், அந்த ஒரு மைலைக்கூட ஓட்டி முடிக்க முடியாமல் காரை ஓரம்கட்டித் தூங்கிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார் செல்மா பிளேர். 'லீகலி பிளாண்ட்', 'ஹெல்பாய்' படங்களில் நடித்த அதே ஹாலிவுட் நடிகைதான்.

டாக்டர்களிடம் சொன்னபோது, 'தனியா குழந்தை வளர்க்கிறீங்க, களைப்பு இருக்கத்தானே செய்யும்' என்ற ரகத்தில்தான் பதில் வந்தது. 2018 ஆகஸ்ட்டில் ஸ்கேன் எடுத்த பிறகே, அது 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' (எம்.எஸ்.) என்று தெரிந்தது. செய்தி கேட்டு அழுதார். அந்த அழுகையில் ஒரு நிம்மதியும் இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். இத்தனை வருஷமாக உடம்பு சொன்னது பொய்யில்லை என்ற நிம்மதி!

அது என்ன எம்.எஸ்.?

மின்சார ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும் அல்லவா? அதேபோல மூளை, தண்டுவட நரம்பு இழைகளின் மேலும் 'மையலின்' என்றொரு உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே அந்த உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் எம்.எஸ். உறை பழுதானால் மூளையின் கட்டளை தாமதமாகப் போகும், அல்லது போகாமலேயே நின்றுவிடும்.

எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்து, பார்வை மங்கலாம், கை கால் மரத்துப்போகலாம், நடை தடுமாறலாம். இது தொற்றுநோய் அல்ல. முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

தாய்மார்களுக்கு என்ன சிக்கல்?

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும் நோய் இது. பாதிக்கப்படுபவர்களில் பெண்கள், ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது, குழந்தை பெற்று வளர்க்கும் வயதில்தான் வருகிறது. 1998-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றின்படி, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோயின் தாக்குதல் குறைகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுகிறது.

யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண், 'எழுந்திருக்கவே முடியல'ன்னு சொன்னா யாராவது ஸ்கேனுக்கு அனுப்புவார்களா? 'நாங்கல்லாம் பெத்துக்கலையா?' என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அம்மாவின் களைப்பை இயல்பு என்று நினைத்துப் பழகிய சமூகத்தில், இந்த நோய் ஒளிந்துகொள்ள வசதியான இடம் தாய்மைதான்.

சிரிப்பு எங்கே வருகிறது?

2019 பிப்ரவரியில், நோய் தீவிரமாக இருந்த நேரத்திலேயே செல்மா டிவி பேட்டிக்கு உட்கார்ந்தார். குரல் விட்டுவிட்டு வந்தது. மறைக்கவில்லை. மகனின் வகுப்புக்கே போய், தன் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சிரிக்கவும் வைத்திருக்கிறார்.

2024 ஜனவரியில் எம்மி விருது மேடைக்குக் கைத்தடியோடு வந்தார் நடிகை கிறிஸ்டினா ஆப்பிள்கேட். 2021-ல் எம்.எஸ். உறுதியானவர், ஒரு மகளின் தாய். அரங்கமே எழுந்து நின்று கைதட்ட, 'எழுந்து நின்னு என் இயலாமையை அவமானப்படுத்துறீங்களே' என்கிற அர்த்தத்தில் ஒரு போடு போட்டார். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இதை 'தன்னம்பிக்கைக் கதை' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு நகர்வது சுலபம். ஆனால், இந்த நகைச்சுவை வேறொரு வேலையைச் செய்கிறது. அம்மா தடுமாறி விழும்போது குழந்தைக்குப் பயம் வரும். அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் சொல்லி, கேள்வி கேட்க இடம் கொடுக்கிறது. 'ஐயோ பாவம்' என்று பார்ப்பவர்களிடம், 'பாவம் வேண்டாம், நாற்காலி இருந்தா போடுங்க' என்று கேட்க வைக்கிறது.

அதற்காக, எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 'தி சோப்ரனோஸ்' புகழ் ஜேமி லின் சிக்லருக்கு 20 வயதிலேயே எம்.எஸ். தெரிந்துவிட்டது. அவர் அதை வெளியே சொன்னது 2016-ல், குழந்தை பிறந்த பிறகு. சுமார் 15 வருஷ மௌனம். இன்று இவரும் கிறிஸ்டினாவும் சேர்ந்து 'மெஸ்ஸி' என்ற பாட்காஸ்ட் நடத்துகிறார்கள். குழப்பம், அலங்கோலம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே எம்.எஸ். ஒளிந்திருக்கும் சிலேடை அது.

நம் ஊரில்?

இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் எம்.எஸ்-ஸும் ஒன்று. ஆனால், முக்கியமான பல சலுகைகளுக்கு 40 சதவிகிதப் பாதிப்பு என்ற சான்றிதழ் வேண்டும். பெரும்பாலானோருக்கு எம்.எஸ். வந்து வந்து போகும் நோயாகத்தான் தொடங்குகிறது. பரிசோதனை நாளன்று நன்றாக நடந்துவிட்டால்? போன மாதம் படுத்த படுக்கையாக இருந்ததை யார் கணக்கில் எடுப்பது?

அதனால், எப்போது என்ன தொந்தரவு வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுவது நல்லது. களைப்பு என்றாலே எம்.எஸ். என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, தடுமாறுவது நாள்கணக்கில் நீடித்தால், 'நரம்பியல் டாக்டரைப் பார்க்கணுமா?' என்று கேட்கத் தயங்கவே கூடாது.

செல்மாவுக்கு ஸ்கேன் எடுக்க வழிகாட்டியது, தோழியின் சகோதரரான ஒரு நரம்பியல் டாக்டர். எல்லா அம்மாக்களுக்கும் அப்படியொரு தோழி வாய்ப்பதில்லை. அவர்கள் வாதாடித்தான் நிரூபிக்க வேண்டும் என்றில்லாமல், 'முடியல' என்று முதல் தடவை சொல்லும்போதே காதுகொடுத்துக் கேட்பது வீட்டிலிருப்பவர்களின் வேலை, டாக்டர்களின் வேலையும்கூட.