டங்காவெல் மாளிகையின் சரித்திரம் யாருடையது?

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றி எழுதுவோரிடையே ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. மாளிகையின் சரித்திரம் என்பது அதில் வாசம் செய்த பிரபு வம்சத்தின் சரித்திரமே என்றும், அவ்வம்சம் வெளியேறிய நாளோடு அது முற்றுப்பெறுகிறது என்றும், பிறகு அங்கே நடப்பவை வெறும் கல்லுக்கும் காரைக்கும் நேர்ந்த கதி என்றும் அவர்கள் கருதுகிறார்கள். இக்கொள்கை அடியோடு தவறானது என்பது என் துணிபு. தெற்கு லானார்க்ஷயரில் ஸ்ட்ரேவன் என்னும் சிற்றூருக்கு அப்பால், காற்று வீசும் பொட்டல் வெளியில் நிற்கும் டங்காவெல் மாளிகையையே அதற்குச் சாட்சியாக அழைக்கிறேன்.

ஆதியில் அது உன்னதமான குலகிருகமாக இருந்து, பிற்காலத்தில்தான் அந்நிலை கெட்டது என்பார்கள். உண்மை வேறு. ஹாமில்டன் டியூக்குகளின் பூர்வீக வாசஸ்தலம் ஹாமில்டன் அரண்மனை; டங்காவெல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் கோடையில் வந்து வேட்டையாடித் திரும்புவதற்கென்று வைத்திருந்த விடுதி மாத்திரமே. அரண்மனையின் அரிய கலைப்பொருள்கள் 1882-ஆம் ஆண்டில் 17 நாள் ஏலத்தில் சிதறிப்போயின. முதல் உலக யுத்தத்தின்போது அரண்மனையே கடற்படையினரின் ஆஸ்பத்திரியாயிற்று. அந்த வம்சத்தின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்த நிலக்கரியை அவ்வட்டாரத்தில் பூமிக்கு அடியிலிருந்து அகழ்ந்து எடுத்துக்கொண்டே போனதால், கடைசியில் அரண்மனை நின்ற தரையே உறுதி குலைந்து, 1920-களில் அதை இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. பதின்மூன்றாம் டியூக் 1919-இல் அரண்மனையை விட்டு வேட்டை விடுதிக்குக் குடிபெயர்ந்ததனால்தான் டங்காவெல்லுக்குக் குலகிருகம் என்ற அந்தஸ்தே வாய்த்தது. உபயோகம் மாறுவது மாளிகைக்கு இழுக்கு என்றால், அந்த இழுக்கை முதலில் தேடிக்கொண்டவர்கள் பிரபுக்களே ஆவார்கள்.

அடுத்து, டங்காவெல்லின் பெருமையெல்லாம் 1941-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி இரவில் அடங்கியிருக்கிறது என்று சொல்லுவார்கள். ஹிட்லரின் உப தலைவரான ருடால்ஃப் ஹெஸ், சமாதானம் பேசப்போவதாக எண்ணிக்கொண்டு, ஜெர்மனியிலிருந்து தன்னந்தனியாக விமானம் ஓட்டி, ஹாமில்டன் டியூக்கைத் தேடி வந்த இரவு அது. ஆனால் அவர் டங்காவெல்லை அடையவே இல்லை. சுமார் 12 மைலுக்கு அப்பால், ஈகிள்ஷம் அருகே ஒரு பண்ணை நிலத்தில் பாராசூட்டில் இறங்கிக் கணுக்காலில் அடிபட்டுக் கிடந்தார். கண்டெடுத்தவர் டேவிட் மக்லீன் என்னும் உழவர். அவருடைய சிறு குடிசையில், கணப்புக்கு அருகே நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய தாயார் தேநீர் கொடுக்க முன்வந்தபோது, வந்தவர் தேநீர் வேண்டாமென்று தண்ணீர் மட்டும் கேட்டார். டியூக்கோ அன்றிரவு மாளிகையிலேயே இல்லை. டர்ன்ஹவுஸ் விமானத் தளத்தில் கடமையில் இருந்தார். மாளிகையின் சரித்திரத்திலே தலைசிறந்ததாகப் போற்றப்படும் இரவில் மாளிகைக்குள் யாதொன்றும் நிகழவில்லை. நிகழ்ந்ததெல்லாம் ஓர் உழவன் வீட்டில். வம்சத்தின் பெயர் சம்பந்தப்பட்டதனாலேயே அச்சம்பவத்தை மாளிகையின் கணக்கில் வரவு வைக்கிறவர்கள், அதே கூரையின் கீழ் மெய்யாகவே வாழ்ந்தவர்களைக் கணக்கில் சேர்க்க மறுப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

1947-இல், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமையான அதே ஆண்டில், மாளிகை தேசிய நிலக்கரி வாரியத்துக்கு விற்கப்பட்டது. சுரங்கத் தொழில் பயில வந்த இளைஞர்கள் பிரபுக்கள் நடமாடிய கூடங்களில் தங்கினார்கள். இதை வீழ்ச்சி என்று வர்ணிக்க எனக்கு நா எழவில்லை. நிலக்கரியால் வாழ்ந்த வம்சத்தின் வீட்டுக்கு நிலக்கரி வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் வந்து சேர்ந்தது, அந்த வீட்டின் கதையில் விடுபட்டிருந்த அத்தியாயம் உரிய இடத்தில் சேர்ந்ததாகும்.

1975-இல் அது திறந்தவெளிச் சிறையாயிற்று. 2001 முதல் நாடுகடத்தப்பட வேண்டியவர்களையும், தஞ்சம் கோரி வந்து மறுக்கப்பட்டவர்களையும் அடைத்துவைக்கும் தடுப்பு நிலையமாக இருந்து வருகிறது. இங்கேதான் எதிர்வாதிகள் தங்கள் கடைசி நியாயத்தை எடுத்து வைக்கிறார்கள்: சுய விருப்பத்தால் வராதவர்கள், வந்து சில காலமே இருந்து போகிறவர்கள், எப்படி அந்த மாளிகையின் சரித்திரத்துக்கு உரியவர்களாவார்கள் என்று கேட்கிறார்கள். வாசத்தின் காலம்தான் உரிமைக்கு அளவுகோல் என்றால், அந்த அளவுகோலையே நானும் கையில் எடுத்துக்கொள்கிறேன். வேட்டைக்கு வந்த விருந்தினர்கள் பருவம் முடிந்ததும் வண்டி ஏறினார்கள். 2003-ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்ட குர்து இனத்துக் குடும்பம் ஒன்றோ, தாயும் நான்கு குழந்தைகளுமாக, ஓராண்டுக்கு மேல் அந்த முள்வேலிக்குள் இருந்தது. பொட்டல் வெளியில் பனி விழுந்து உருகி, புல் தளிர்த்து, மீண்டும் கோடை வரும் வரையில் அந்தச் சுவர்களை அக்குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டங்காவெல்லின் நான்கு பருவங்களையும் அவர்களைவிட நன்றாக அறிந்த விருந்தினர் யார்? பாதிரிமாரும் தொழிற்சங்கத்தாரும் பொதுமக்களும் அந்த வாயிலில் திரண்டு நின்று எதிர்ப்புக் காட்டியதும், 2010-இல் அங்கே குழந்தைகளை வைப்பது நிறுத்தப்பட்டதும், எந்த டியூக்கின் வேட்டைக் குறிப்பையும்விட விரிவாக அந்த மாளிகையின் சரித்திரத்தில் எழுதப்பட வேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அச்சரித்திரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நிலையத்தை மூடுவதாக அரசாங்கம் 2016-இல் அறிவித்தது. மாற்றாக கிளாஸ்கோ விமான நிலையத்துக்கு அருகே புதிய காவலிடம் கட்ட உத்தேசித்தபோது, ரென்ஃப்ரூஷயர் உள்ளாட்சி மன்றம் அனுமதி தர மறுத்துவிட்டது. 2017 பிப்ரவரியில், டங்காவெல் தொடர்ந்து இயங்கும் என்று மறு அறிவிப்பு வெளியாயிற்று.