பேய் இறாலா, சிப்பியா... யார் வந்தேறி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வில்லாபா விரிகுடா. அங்கே சேற்றில் வளை தோண்டி வாழும் விரல் நீள இறாலுக்குப் பேய் இறால் என்று பேர். வெளிறிப்போன உடம்பு. ஓயாமல் தோண்டி, மண்ணை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தரை இளகி, மேலே வளர்க்கிற சிப்பிகள் அமிழ்ந்து மூச்சு முட்டிச் சாகும்.

சிப்பிக்காரர்கள் விடுவார்களா? 1963 முதல் சுமார் ஐம்பது வருஷம் கார்பாரில் தெளித்தார்கள். பூச்சிமருந்து, அதுவும் கடலோரச் சேற்றில்! அடுத்து இமிடாகுளோப்ரிட் கேட்டார்கள். 2015-ல் கிடைத்த அனுமதி, மக்கள் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே ரத்தானது. 2018-ல் மாநில அரசு மறுத்தே விட்டது. சரியான முடிவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இறால்தான் அந்த மண்ணின் பூர்வகுடி. பசிபிக் சிப்பி ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது! அந்த வளைகள் வழியாகத்தான் ஆக்சிஜன் சேற்றுக்குள் இறங்குகிறது. அதே மாநிலத்தின் பியூஜெட் சவுண்டில், வசந்த காலத்தில் சாம்பல் திமிங்கிலங்கள் பேய் இறாலைத் தேடி வந்து, சேற்றோடு உறிஞ்சித் தின்கின்றன.

சிப்பிக்காரர்களின் நஷ்டம் பொய்யில்லை. ஆனால் தரையில் விதைக்காமல் கயிற்றிலோ பையிலோ வளர்க்க வழி இருக்கிறதே. செலவு கூடும்தான்... சிப்பி விலையில் ஏறட்டுமே!