வாஸ்து மீனும் வாய் மூடாத கிளியும்

கடலூர், சிதம்பரம் பக்கம் வண்ணமீன் கடைக்குப் போனீங்கன்னா தனித்தொட்டியில ஒரு ஐயா மிதந்துட்டு இருப்பார். நெத்தியில பெரிய புடைப்பு, விலாவுல சீன எழுத்து மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஃப்ளவர்ஹார்ன். "வாஸ்து மீன் சார், வீட்ல வெச்சா பணம் கொட்டும்" என்பார் கடைக்காரர். யாருக்குக் கொட்டும்னு மட்டும் சொல்ல மாட்டார் :-)

எந்த ஆத்துலயும் பிறந்த மீன் இல்லை மக்களே இது. மத்திய அமெரிக்காவின் வெவ்வேறு சிக்லிட் இனங்களைத் தொட்டிக்குள் கலந்து, 1990களில் மலேசியா, தைவான் பக்கம் உருவாக்கியது. இதுக்கு அண்ணன் ஒருத்தர் உண்டு: ப்ளட் பேரட். 1980களில் தைவானில் வந்த கலப்பு. அதைப் பார்த்தால்தான் எனக்குக் கடுப்பு ஏறும். வாய் ஒரு சின்ன ஓட்டை, அதையும் ஒழுங்கா மூட முடியாது. இரையைத் தொண்டைப் பல்லால் நசுக்கித்தான் விழுங்கணும். ஆண்களில் பெரும்பாலானவை மலடு. நாம அதைப் பார்த்து "சோ க்யூட்" என்கிறோம்.

"கோவேறு கழுதையும் கலப்புதானே?" என்று கேட்டான் கல்லூரி ஜூனியர் ஒருவன். கடலூரில் வீட்டு மாடியில் தொட்டி கட்டி ஃப்ளவர்ஹார்ன் பெருக்கப் போறானாம். தம்பி, கோவேறு கழுதை வாயால புல் தின்னும். மலையேறி மூட்டை சுமக்கும். அதுக்கு ஒரு தேவை இருந்தது. இங்க என்ன தேவை? நெத்தி வீங்கணும், விலாவுல ராசி நம்பர் தெரியணும். ஒரு ஈட்டுல நூத்துக்கணக்கில் குஞ்சு வரும். அதுல நெத்தி எடுக்கிறது கொஞ்சம்தான். மீதியை என்ன பண்ணுவேன்னு கேட்டேன், பதில் வரலை. இந்தத் தொழில்ல அதுக்குப் பேரு 'கழிக்கிறது'. ஆபீஸ்ல டெஸ்ட் ஃபெயிலான பில்டை டிலீட் பண்ணுற மாதிரி. என்ன, பில்டுக்கு மூச்சு கிடையாது.

மீன் பெருக்குறதே தப்புன்னு நான் சொல்லலை. இதே மாவட்டத்துல பரங்கிப்பேட்டை இருக்கு. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். கோமாளி மீனை, அதாங்க நீமோவை, பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வெச்சவங்க. அங்க பொரிச்ச ஒரு குஞ்சு விற்றால், பவளப்பாறையிலிருந்து ஒரு மீனைப் பிடிக்க வேண்டிய அவசியம் குறையும். ஃப்ளவர்ஹார்ன் பெருக்கி எந்த ஆத்து மீனை மிச்சம் பிடிக்கப் போறோம்?

இன்னொரு பயமும் இருக்கு. இது முரட்டுப் பயல். கூட விட்ட மீனைக் கடிச்சுக் குதறும். அலுத்துப் போனவன் என்ன செய்வான்? பக்கத்து ஏரியில விடுவான், புண்ணியம்னு நினைச்சுட்டு. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த திலேப்பியா, நம்ம ஜிலேபிக் கெண்டை, இன்னைக்குத் தமிழ்நாட்டு ஏரி குளமெல்லாம் நிறைஞ்சு கிடக்கு. சிங்கப்பூர், மலேசியா நீர்நிலைகளில் ஃப்ளவர்ஹார்னும் இப்படியே குடியேறிடுச்சு. ஆஸ்திரேலியா தடையே போட்டிருக்கு. நம்ம உப்பங்கழிகளில் சொந்த சிக்லிட் உண்டு, கேரளாக்காரங்க கரிமீன்னு கொண்டாடுறது. அதைத் தொட்டியில வளர்க்க ஒருத்தருக்கும் தோணலை பாருங்க.

கடைக்காரர் அண்ணாச்சிகளுக்கு ஒரே கோரிக்கை: 'வாஸ்து'ங்கிற அட்டையை எடுத்துட்டு 'கலப்பு மீன்'னு எழுதுங்க. ஏற்கனவே வாங்கினவங்க வீராணத்துல விட்டுடாதீங்க. பத்து வருஷம் வரைக்கும்கூட வாழும், சோறு போடுங்க.