இரண்டு மணி நேரம் என்னும் கணக்கு

மும்பைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். இருப்புப்பாதை வழியே சுமார் 1,280. விமானத்தில் இரண்டு மணி நேரம், ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். அந்நாளோடு ஒப்பிட்டால் இது பெரும் வளர்ச்சியே. எனினும், அந்த இரண்டு மணி நேரத்தை நம்பிக் குடும்பங்கள் திட்டமிடலாகாது என்பதே நம் கருத்து.

அறிவிக்கப்படும் பயண நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்பதோடு முடிகிறது. செம்பூரிலிருந்து நெரிசலில் விமான நிலையம் சேர்வதும், புறப்பாட்டுக்கு முன்னதாகவே பதிவுக்கு நிற்பதும் அதில் அடங்கா. மும்பை விமான நிலையத்தின் ஓடுபாதைகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், இரண்டையும் ஒரே வேளையில் இயக்க இயலாது. தாமதத்திற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலும், தாராவியில் வாழும் தமிழர் பலருக்குச் சொந்த ஊர் சென்னையன்று, திருநெல்வேலிச் சீமை. சென்னையில் இறங்கினால் நெல்லைக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. வந்தே பாரத் ரயிலுக்கே சுமார் எட்டு மணி நேரம் பிடிக்கிறது. மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கினால் எஞ்சுவது ஏறத்தாழ 150 கிலோமீட்டரே. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்ட தூத்துக்குடி இன்னும் அருகில் உள்ளது. ஆகவே விமானத்தின் நேரத்தை அல்ல, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரையிலான நேரத்தையே கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கு துல்லியமாகத் தேவைப்படுவது, ஊரில் பெரியவர் தவறிவிட்டார் என்று நள்ளிரவில் செய்தி வரும்போதுதான். தட்கல் முன்பதிவு பயணத்திற்கு முந்தைய நாள் காலையில்தான் திறக்கும். அன்றைக்கே எடுக்கும் விமானச் சீட்டோ, வாரங்களுக்கு முன் எடுப்பதைப்போல் பன்மடங்கு விலையாகலாம். கடைசியாக முகம் பார்க்க முடியுமா என்பதை அப்போது முடிவு செய்வது தொலைவன்று, கையிருப்பு.

விமானப் பயணம் ஆடம்பரம் என்பார் உண்டு. திட்டமிட்ட கோடை விடுமுறைக்கு ரயிலே சிக்கனம், ஐயமில்லை. ஆனால் நாட்கூலி பெறுபவர் நெல்லைக்கு ரயிலில் போய் வந்தால், வழியிலேயே மூன்று நாள் கூலி போய்விடும். அதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு கட்டணங்களுக்கும் உள்ள இடைவெளி குறையும்.

எனவே, வெளியூரில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் ‘ஊர்ப் பயண நிதி’ ஒன்றைத் தனியே வைத்திருத்தல் நலம். இருவருக்கு அவசர விமானச் சீட்டு, இறங்கியபின் வாடகைக் காருக்கான தொகை — இதுவே அதன் இலக்கு. மாதந்தோறும் சிறு தொகையாகத் தொடர் வைப்பில் சேர்த்து, முதிர்ந்ததும் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருக்கலாம். வட்டி சற்றுக் குறைவாயினும், ஞாயிறு நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய பணமாக அது இருக்க வேண்டும். கைப்பேசி வழிச் சேவையின் அன்றாட உச்சவரம்பு அதற்குப் போதுமா என்பதையும் இன்றே பார்த்து வைப்பது நன்று. துக்கம் நிறைந்த வேளையில் நகையை அடகு வைக்க விடியும்வரை காத்திருப்பவருக்கு, இரண்டு மணி நேரப் பயணமும் இரண்டு நாள் ஆகிவிடும்.