நாவைக் காப்போம்

தமிழ்த்துறை மலரில் நோய் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். நாவின்றி மொழி ஏது? நாவைக் காக்குமாறு வள்ளுவப் பெருந்தகை கூறியது சொற்குற்றம் கருதி. நாமோ அந்நாவையே நோயினின்று காக்க வேண்டும் என்கிறோம்.

நாக்குப் புற்றுநோய் பெரும்பாலும் நாவின் பக்க ஓரத்தில் தோன்றும். ஆறாத புண், வெண்படலம், செம்படலம், தடிப்பு ஆகியன அதன் முதல் அடையாளங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. எனவே உடற்சூடு என்றும், பல் கடித்த புண் என்றும் எண்ணிக் களிம்பு தடவி மாதங்களைக் கழிக்கிறோம். பின்னர்க் காதுவரை வலி பரவும், பேச்சுக் குழறும், விழுங்குதல் அரிதாகும், கழுத்தில் கட்டி தோன்றும். கழுத்து முடிச்சுகளுக்கு நோய் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு எண்ணத்தக்கது. தொடக்கநிலை வாய்ப்புற்று உடைய 500 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவருள் மிகப் பலர் நாக்குப் புற்று உடையோர். கட்டியை அகற்றும்போதே கழுத்து முடிச்சுகளையும் அகற்றிக்கொண்டோரில் 100-க்கு 80 பேர் மூன்றாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். கழுத்தில் நோய் வெளிப்பட்டால் மட்டுமே அகற்றுவது எனக் காத்திருந்தோரில் அவ்விகிதம் 67.5 மட்டுமே. ஆகவே, “கழுத்தில்தான் கட்டி இல்லையே” என்று மறுத்து, மருத்துவர் கூறும் அறுவையைத் தள்ளிப்போடுதல் தகாது.

“நாக்கை வெட்டிவிடுவார்கள்” என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. நோய் சிறிதாயின் வெட்டப்படுவதும் சிறிதே. பேச்சும் பெரிதும் மீளும். பெரும்பகுதி நீக்கப்படினும் முன்கைத் தோலும் அதன் அடித்திசுவும் கொண்டு நாவைச் சீரமைக்கின்றனர். பேச்சுப் பயிற்சியும் அளிக்கின்றனர். தேவைப்படுவோர்க்குக் கதிர்வீச்சும் மருந்தும் தொடரும். நாவைப் பறிப்பது மருத்துவம் அன்று, காலத்தாழ்வே.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையம் சுமார் 130 கி.மீ. தொலைவு, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அதனினும் தொலைவு. தினக்கூலி பெறுவோர்க்கும் மீனவர்க்கும் இப்பயணம் எளிதன்று. ஆனால் முதற்சோதனைக்கு நெடும்பயணம் வேண்டா. நல்ல வெளிச்சமும் உள்ளூர்ப் பல் மருத்துவரின் கண்ணும் விரலும் போதும். ஐயம் எழுந்தால் திசுப் பரிசோதனை உண்மையைக் கூறிவிடும்.

புகையிலையும் மதுவும் இந்நோய்க்குக் காரணங்கள் என்பதை யாவரும் அறிவர். பாக்கும் அவ்வரிசையில் உண்டு என்பதைப் பலர் அறியார். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்று விளைக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்தது. திருமண விருந்தின் தாம்பூலத் தட்டை மரபு என்று போற்றும் நாம், அதிலிருந்து பாக்கை விலக்குவதால் மரபு குன்றிவிடாது.

சமுதாயப் பெரியோர் இதனைத் தம் இல்ல விழாக்களில் தொடங்கி வைப்பாராக. ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துரைப்பாராக. மாணவச் செல்வங்களே, இன்றே இல்லம் சென்று, வெற்றிலை மெல்லும் பாட்டன் பாட்டியரின் நாவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மூன்று வாரம் ஆறாத புண் இருப்பின் கையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நமக்குப் பேசக் கற்பித்த நாவிற்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.